சின்ன போர்டுக்கு ஒரு கேபிள் இணைப்பு

ஈதர்நெட் கேபிளில் ஓடிவரும் ஒரு ஃப்ரேம் 1,518 பைட் வரை நீளலாம். ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் மொத்த ராமே 2,048 பைட்தான். நாலு பேர் உட்காரும் திண்ணையில் ஒரே ஆள் மூன்று பேர் இடத்துக்குக் கால் நீட்டிப் படுத்துவிட்ட கதை. மாறிகள், ஸ்டாக், சென்சார் அளவீடுகள் எல்லாம் மிச்சமுள்ள ஐந்நூற்றுச் சொச்சம் பைட்டுக்குள் நெருக்கியடிக்க வேண்டும். 1973-இல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை வகுத்தது முழுக் கணினிகளை இணைப்பதற்காக. கட்டைவிரல் அகலச் சிப்புக்காக அல்ல.

ஆனாலும் இணைக்க முடிகிறது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, மைக்ரோசிப் நிறுவனத்தின் ஈஎன்சி28ஜே60. நொடிக்கு 10 மெகாபிட் வேகம், உள்ளே 8 கிலோபைட் இடைநினைவகம். வந்த ஃப்ரேமைப் பத்திரமாக வைத்திருப்பதோடு இதன் பொறுப்பு முடிந்தது. டிசிபி/ஐபி கணக்கு வழக்கை நம் நிரலே பார்த்துக்கொள்ள வேண்டும். ஊனோவில் இருப்பது போன்ற குட்டிச் சிப்புகளுக்காகவே ஸ்வீடனைச் சேர்ந்த ஆடம் டங்கல்ஸ் யூஐபி என்ற மென்பொருளை எழுதினார். அதில் ஒரு தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். சாதாரணக் கணினி தான் அனுப்பிய தரவுக்கு மறுமுனையிலிருந்து ஒப்புதல் வரும்வரை ஒரு நகலை வைத்திருக்கும். யூஐபி நகலே வைப்பதில்லை. வழியில் தொலைந்துபோனால், ‘அதையே மறுபடி தயாரித்துக் கொடு’ என்று நிரலைக் கேட்கும். ராம் மிச்சம், வேகம்தான் போச்சு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புதல் வந்த பிறகே அடுத்தது கிளம்பும். மறுமுனைக் கணினி ஒப்புதலைக் கொஞ்சம் தாமதித்து அனுப்பும் வழக்கம் உடையது என்றால், நொடிக்கு ஐந்தாறு துண்டுகள்கூடத் தேறாமல் போகலாம். அறை வெப்பநிலையைச் சொல்ல இது போதும். படம் அனுப்ப ஆகாது.

இரண்டாவது, தென்கொரியாவின் விஸ்நெட் நிறுவனத்தின் வழி. டிசிபி/ஐபி முழுவதையும் சிப்புக்குள்ளேயே வன்பொருளாகச் செதுக்கிவிட்டார்கள். முதல் ஆர்டுயினோ ஈதர்நெட் ஷீல்டில் இருந்தது டபிள்யூ5100. பின்னால் வந்ததில் டபிள்யூ5500. இதில் 32 கிலோபைட் இடைநினைவகமும் ஒரே நேரத்தில் எட்டு இணைப்புகளும் உண்டு. ‘இந்த முகவரிக்கு இதை அனுப்பு’ என்று சொல்வதுதான் நம் வேலை.

வயரிங் எளிது. எஸ்பிஐ இணைப்புக்கு ஊனோவின் 10 முதல் 13 வரையிலான பின்கள், பிறகு மின்சாரமும் கிரவுண்டும். பலர் தடுக்கி விழுவது மின்சாரத்தில்தான். ஊனோவின் 3.3 வோல்ட் பின்னுக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லப்படும் அளவு 50 மில்லியாம்பியர். 100 மெகாபிட்டில் ஓடும் டபிள்யூ5500 கேட்பது 130-க்கும் மேல். விளக்கு எரியும், ஐபி முகவரி மட்டும் வராது. நிரலில் பிழை தேடி ராத்திரி கழியும். சொந்த ரெகுலேட்டர் உள்ள மாட்யூலாகப் பார்த்து வாங்கி 5 வோல்ட் கொடுங்கள்.

இன்னொன்று மேக் முகவரி. இந்தச் சிப்புகள் தமக்கென ஒரு மேக் முகவரியோடு வருவதில்லை. நிரலில் நாம்தான் எழுத வேண்டும். மாதிரி நிரலில் இருப்பதை அப்படியே இரண்டு போர்டுகளில் ஏற்றி ஒரே சுவிட்சில் செருகினால் இரண்டுமே விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். முதல் பைட்டை 02 என்று வைத்து, கடைசி பைட்டைப் போர்டுக்குப் போர்டு மாற்றிவிட்டால் தொல்லை இல்லை.

2014-இல் ஈஎஸ்பி8266 மலிவாக வந்து வைஃபையை எல்லோர் கைக்கும் கொண்டுவந்துவிட்டதே, இன்னும் எதற்குக் கேபிள் என்று கேட்கலாம். மோட்டார்கள் ஓடும் பட்டறையிலும், இரும்புப் பெட்டிக்குள்ளும் வைஃபை தடுமாறும். கேபிளோ 100 மீட்டர் வரை அசராமல் போகும். ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றினாலும் அதற்குக் கவலையில்லை. ஈஎஸ்பி8266-இன் வாரிசான ஈஎஸ்பி32-இல் ஈதர்நெட்டின் பாதி வேலை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. எல்ஏஎன்8720 போன்ற ஒரு சிறு சிப்பைச் சேர்த்தால் போதும்.

கற்றுக்கொள்ளத்தான் என்றால் ஈஎன்சி28ஜே60 வாங்குங்கள். பாக்கெட் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அதைவிட நன்றாகக் கற்றுத்தரும் சாதனம் இல்லை. மாதக்கணக்கில் ஓட வேண்டிய வேலைக்கு டபிள்யூ5500. எதை வாங்கினாலும் ஊனோவை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ்ஸுக்கு அந்த 2 கிலோபைட்டில் இடமில்லை.