ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் ஆபத்து! தண்ணீரில்தான் ஆசிட் ஊற்றணும்... ஏன் தெரியுமா?

பேட்டரி கடையில் வேலைக்கு சேரும் பையனுக்கு மெக்கானிக் அண்ணன் சொல்லும் முதல் பாடம் இது. "டேய், தண்ணியில ஆசிட்டை ஊத்து. ஆசிட்டுல தண்ணியை ஊத்தாதே!"

எதை எதில் ஊற்றினால் என்ன, ரெண்டும் கலக்கத்தானே போகுது என்று அலட்சியமாக இருந்தால் கண்ணே பறிபோய்விடும்.

பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். கலக்காத கெட்டி ஆசிட்டில் சுமார் 98 சதவீதம் அமிலம்தான். அதில் தண்ணீர் சேர்ந்ததும் அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனி பிரிந்து, தண்ணீர் மூலக்கூறோடு போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது கிளம்பும் சூடு, தண்ணீரையே கொதிக்க வைத்துவிடும்.

எடைதான் காரணம்

1 லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. 1 லிட்டர் கெட்டி ஆசிட்டோ சுமார் 1.84 கிலோ. அதனால் ஆசிட்டில் ஊற்றும் தண்ணீர் அடியில் இறங்காமல் மேலேயே நிற்கும். மொத்த சூடும் அந்த கொஞ்சம் தண்ணீரில் ஏற, அது நொடியில் கொதித்து, ஆசிட்டோடு சேர்ந்து முகத்தில் தெறிக்கும்.

தண்ணீரில் ஆசிட்டை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி கலக்கினால், ஆசிட் கீழே இறங்கி பரவும். நிறைய தண்ணீர் இருப்பதால் சூடும் பரவிவிடும். அப்போதும் கண்ணாடி, கையுறை கட்டாயம்.

"அப்போ பேட்டரியில டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறாங்களே?" என்று கேட்கலாம். பேட்டரிக்குள் இருப்பது ஏற்கனவே தண்ணீர் கலந்த ஆசிட். அதில் அமிலம் மூன்றில் ஒரு பங்குதான். வற்றிப்போவதும் தண்ணீர்தான். அதனால் தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும்.

ஒரு செம்பு பத்தாது

அமிலத்தின் வீரியத்தை பி.எச். என்ற அளவில் சொல்வார்கள். 10 மடங்கு தண்ணீர் சேர்த்தால்கூட இந்த அளவு சுமார் 1 புள்ளிதான் மாறும். எனவே உடம்பில் ஆசிட் பட்டால் ஒரு செம்பு தண்ணீரோடு நிறுத்தக்கூடாது. ஆசிட் பட்ட துணியை கழற்றிக்கொண்டே, குழாய் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, சோடா உப்பு எதையும் தடவக்கூடாது. கண்ணில் பட்டாலும் இப்படியே விடாமல் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.