மன்னாரில் காற்றாலை, டெக்சாஸில் சட்டம்

2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. ஒரு நிறுவனத்தின் சுற்றாடல், சமூக, நிர்வாக நடத்தைக்குப் புள்ளி போட்டு, அந்தப் புள்ளியை வைத்து ஒரே வகை ஆபத்துள்ள இருவரிடம் வெவ்வேறு கட்டணம் அறவிடக் காப்புறுதி நிறுவனங்களுக்கு அது தடை போடுகிறது. புளோரிடா அதே ஆண்டு வங்கிகளையும் அரச முதலீடுகளையும் இலக்கு வைத்து இதே போக்கில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயுத் தொழிலை நிதி நிறுவனங்கள் ஒதுக்குகின்றன என்ற கோபம்தான் இவற்றின் பின்னணி. மன்னாரின் பேசாலையில் வலை பின்னும் ஒருவருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நேரடியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. டெக்சாஸ் சட்டம் டெக்சாஸில் எழுதப்படும் காப்புறுதியோடு நின்றுவிடும். ஆனால் அந்த அரசியல் அங்கேயே நிற்கவில்லை. பெரிய காப்புறுதி நிறுவனங்கள் 2021இல் ஐ.நா. ஆதரவோடு கூடி அமைத்த காலநிலைக் கூட்டணிக்கு, 2023 மே மாதம் 23 அமெரிக்க மாநிலங்களின் சட்டமா அதிபர்கள் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். ஐரோப்பாவின் பெரிய மீள்காப்புறுதி நிறுவனங்கள் உட்படப் பலர் ஒருவர் பின் ஒருவராக விலக, 2024 ஏப்ரலில் அந்தக் கூட்டணி கலைந்தது. இலங்கையில் பெருந்திட்டம் ஒன்றுக்கு எடுக்கும் காப்புறுதியின் பெரும்பகுதி கடைசியில் போய்ச் சேர்வது இப்படிப்பட்ட வெளிநாட்டு மீள்காப்புறுதியாளர்களிடம்தான். அவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்தினால், அந்த மௌனம் மன்னாருக்கும் வரும்.

பணம் கொடுப்பவர் கேட்கும் கேள்வி எதற்கு உதவும் என்பதை மன்னார்த் தீவே காட்டியிருக்கிறது. தென்கரையில் 30 காற்றாலைகளோடு நிற்கும் தம்பபவனி, 103.5 மெகாவாட் திட்டம். இலங்கை மின்சார சபை அதை ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடனில் கட்டி, 2020 டிசம்பரில் திறந்தது. வங்கிக் கடன் என்றபடியால் வங்கியின் பாதுகாப்புக் கொள்கையும் கூடவே வந்தது: சுற்றாடல் அறிக்கை, பறவைக் கண்காணிப்பு, பாதிக்கப்பட்டவர் முறையிட ஒரு வழி. அந்தக் கொள்கை எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. காற்றாலைக்குப் போட்ட பாதைகளால் மழைநீர் கடலுக்கு வடியாமல் ஊருக்குள் நிற்கிறது, கரைவலைப் பாடுகளில் மீன் குறைந்துவிட்டது என்ற முறைப்பாடுகள் இன்றும் ஓயவில்லை. ஆனாலும் முறையிடுவதற்கு வெளியில் ஒரு கதவு இருந்தது. அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டபோது அது கேள்விப்பத்திரம் கோராமல் கொடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது, வலசைப் பறவைகளின் பாதை பற்றிய வழக்கும் எழுந்தது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தின் படியேறின. புதிய அரசு விலையை மீள்பரிசீலனை செய்ய முனைந்ததோடு, 2025 பெப்ரவரியில் நிறுவனம் தானாகவே விலகிக்கொண்டது. பிரச்சினை அதோடு முடியவில்லை. வேறு நிறுவனங்களின் காற்றாலைகள் வந்தன. 2025 ஆகஸ்டில் மக்கள் வீதியில் இறங்க, ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்தச் சொன்னார். செப்டம்பர் 26 இரவு பொலிஸார் ஆர்ப்பாட்டக்காரர்மீது பலம் பிரயோகித்தார்கள்.

இங்கேதான் முதல் மறுப்பு வரும்: காற்றாலை என்பதே சுற்றாடலுக்கு நல்லது, அதை எதிர்க்கும் ஊர் எப்படிச் சுற்றாடல் பெயரில் நியாயம் கேட்கும்? இதில் பாதி உண்மை. புள்ளி போடும் முறைகளின் பலவீனமும் இதுதான். கரியமில வாயு குறைகிறது என்று ஒரு கட்டத்தில் சரி போட்டுவிட்டால், நிலம் யாருடையது, வெள்ளம் எங்கே போகும், பாடு வைத்திருப்பவர் கேட்கப்பட்டாரா என்ற கட்டங்கள் வெறுமையாக இருந்தாலும் மொத்தப் புள்ளி நன்றாகவே வரும். சுற்றாடலுக்குக் கிடைத்த புள்ளி சமூகத்துக்கான புள்ளியை விழுங்கிவிடும். ஆகவே இந்தப் புள்ளிகளைக் கண்ணை மூடி நம்பச் சொல்லவில்லை. கேள்வி குறையாக இருந்தால் திருத்த வேண்டும். டெக்சாஸ் செய்தது கேள்விக்கே வாய்ப்பூட்டு போட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் முடிவு செய்ய வேண்டியதை, யாரும் வாக்களிக்காத ஒரு கம்பனி கட்டணத்தை ஏற்றி இறக்கி முடிவு செய்யலாமா? இன்று நிலக்கரியை ஒதுக்கும் கம்பனி, நாளை சூறாவளிக் கரை என்று சொல்லி மன்னாரின் தாழ்வுபாட்டு வீட்டையும் ஒதுக்காதா? ஒதுக்கும். அதைத் தடுக்க டெக்சாஸ் சட்டம் உதவாது என்பதுதான் விசேஷம். ஆபத்தோடு தொடர்புள்ள, காப்புறுதிக் கணிப்பு முறைப்படி நியாயப்படுத்தக்கூடிய காரணமாக இருந்தால் அந்தச் சட்டமே விலக்கு அளிக்கிறது. வெள்ளம் ஏறும் கரை என்பது அப்படிப்பட்ட காரணம்தானே! புளோரிடாவில் வீட்டுக் காப்புறுதி கட்டுப்படியாகாமல் போனதற்குச் சூறாவளி இழப்புகளும் வழக்குச் செலவும் காரணம் என்று சொல்லப்பட்டதே தவிர, பசுமைப் புள்ளி அல்ல. ஏழையின் வீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அரசுதான் பொறுப்பெடுக்க வேண்டும். அந்த வேலையைக் கேள்வித் தடை செய்யாது.

கடலில் வரும் ஆபத்தைப் பார்த்தால் காப்புறுதியாளர் யார் என்பது ஏன் முக்கியம் என்று இன்னும் தெளியும். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. 2025 மே 25 கொச்சிக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 மூழ்க, அடுத்த மாதமே மன்னார்க் கரையில் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. பயறளவு வெள்ளை மணி. வலையை உதறினால் மணலுக்குள் போகும், மணலை அரித்தால் மணலோடு வரும். இந்த இழப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவர் பெரும்பாலும் கப்பலின் காப்புறுதியாளர்தான். ஆனால் எக்ஸ்பிரஸ் பேர்ளின் உரிமையாளர் தரப்பு லண்டன் நீதிமன்றத்தில் பொறுப்பின் உச்சத்தை சுமார் 1 கோடி 90 இலட்சம் பவுண் என வரையறுத்துக்கொண்டது. இலங்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24 அன்று 100 கோடி டொலர் செலுத்தக் கட்டளையிட்டது. அந்தக் கட்டளையை ஏற்கக் கப்பல் நிறுவனம் மறுத்தது. எல்சா விடயத்தில் கேரள அரசு எம்எஸ்சி நிறுவனத்தின் இன்னொரு கப்பலைத் துறைமுகத்திலேயே தடுத்து வைக்க நீதிமன்றக் கட்டளை பெற்றது. கப்பல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே பிணை வாங்குவதுதான் பலிக்கும் வழி. அதற்கு மன்னார்க் கடற்றொழிலாளர் சங்கங்களிடம் கணக்கு இருக்க வேண்டும்: எந்தத் தேதியில் எந்தப் பாட்டில் எவ்வளவு மணி ஒதுங்கியது, எத்தனை நாள் தொழில் போனது, படங்களோடு. கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபைக்கு அதை எழுத்தில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

நிலத்துத் திட்டங்களுக்கு உள்ள வழிகளில் காலக்கெடுதான் பலரைக் கவிழ்க்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் தாக்க மதிப்பீட்டு அறிக்கைமீது கருத்துச் சொல்ல 30 நாள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணைக் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை நிலுவையில் இருப்பதைக் காட்டும் ஆவணமும் வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஆகவே காணியில் கல் நட்ட நாள், இயந்திரம் இறங்கிய நாள், கிராம அலுவலருக்குச் சொன்ன நாள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் வந்த திட்டமானால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட இருவர் சேர்ந்தாலே அதன் பொறுப்புக்கூறல் பொறிமுறைக்கு எழுதலாம். முதலில் வங்கியின் திட்டப் பிரிவிடம் முறையிட்டிருக்க வேண்டும். சொந்தப் படகுக்கு எடுத்த காப்புறுதியில் நிறுவனம் கைவிரித்தால், அதனிடம் எழுத்தில் முறையிட்ட பின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். படகுக்கும் இயந்திரத்துக்கும் எடுத்த உறுதி வலைக்கும் செல்லுமா என்பதைப் பணம் கட்டும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

கனிய மணல் அகழ்வானாலும் காற்றாலையானாலும், அடுத்த அறிவித்தல் பிரதேச செயலகத்தில் ஒட்டப்படும்போது கடன் யாரிடம், காப்புறுதி யாரிடம், அவர்கள் விதித்த நிபந்தனை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். வணிக இரகசியம் என்று மறுக்கலாம். பொதுநலன் பெரிதானால் அந்த மறுப்பு நிற்காது. தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டிய கெடு 14 வேலை நாள்.