என் தட்டில் முளைப்பயறும் பச்சைக் காயும்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த அறிவியல் சோதனை நினைவிருக்கும். ஈரப் பஞ்சில் பச்சைப் பயற்றை வைத்து, அது முளைவிடுவதை நாள்தோறும் அளந்து பயிற்சிப் புத்தகத்தில் வரைவோம். முளைத்ததைத் தின்னலாம் என்று அன்று யாரும் சொல்லவில்லை! இன்று விடுதி அறையில் அதே பயற்றை என் காலையுணவுக்காக முளைக்க வைக்கிறேன்.

காரணம் இருக்கிறது. என் தாத்தா, அப்பா இருவருக்கும் இனிப்புநீர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இரத்தத்தில் சீனி மிகுந்திருந்தது. இந்தியர்களில் அது நூற்றுக்கு 31 பேர். இருபத்திரண்டு வயதில் இதற்கா கவலை என்று சிலர் சிரிக்கலாம். காலையில் நாசி லெமாக், மதியம் சோறு, இரவில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் என்று ஓடும் விடுதி வாழ்க்கையை எண்ணினால் சிரிப்பு வராது.

முளைக்கும்போது பயற்றுக்குள் என்ன நடக்கிறது? நீர் பட்டதும் அதன் நொதிகள் விழித்துக்கொண்டு, சேமித்து வைத்த மாவுச்சத்தையும் புரதத்தையும் சிறு கூறுகளாக உடைக்கின்றன. வாயுத் தொல்லை தரும் சர்க்கரைகள் குறைகின்றன. இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் பிடித்து வைக்கும் ஃபைட்டேட்டும் குறைகிறது. உலர்ந்த பயற்றில் ஏறக்குறைய இல்லாத உயிர்ச்சத்து சி புதிதாக உண்டாகிறது. செய்முறை எளிது. இரவில் ஊறப்போட்டு, காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி, நாளுக்கு இரண்டு மூன்று முறை அலச வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் மறுநாளே வால் முளைத்துவிடும்.

ஆனால், அதே வெப்பமும் ஈரமும் கிருமிகளுக்கும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியாகப் பரவிய ஈ.கோலி கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விதையிலேயே கிருமி இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஆகவே, முளைப்பயற்றை மட்டும் நன்றாக ஆவியில் வேகவைத்தே உண்கிறேன். உயிர்ச்சத்து சி கொஞ்சம் குறையும், குறையட்டும். முதியவர்களும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முளைப்பயற்றைப் பச்சையாக உண்ணவே கூடாது. வீட்டுக்குப் போகும்போது அப்பாவுக்கு அதைச் சுண்டலாகத் தாளித்துத்தான் கொடுப்பேன்.

பச்சையாக உண்பதற்கு மலாய்க்காரர்களின் உலாம் இருக்கிறது. பெகாகா என்று அவர்கள் சொல்லும் நம் வல்லாரை, உலாம் ராஜா, சிறகவரை, வெள்ளரி எல்லாம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். இடைநிலைப்பள்ளித் தோழர்கள் சம்பலில் தொட்டுத் தின்றதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பழக்கமே வந்தது. நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இதற்காக அடுப்பையே மூடிவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேரட்டில் உள்ள கரோட்டினும் தக்காளியில் உள்ள லைக்கோப்பினும் சிறிது எண்ணெயோடு வெந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். பச்சைக் காய்களை மட்டுமே நம்பினால் பி12 கிடைக்காது. அது தாவரங்களில் இல்லை. தவிர, தோசையை விட்டுவிட்டு உயிர்வாழ்வது எதற்கு?

என் ஏற்பாடு இதுதான். காலையில் ஒரு கிண்ணம் முளைப்பயறு, வெள்ளரி, தேங்காய்த் துருவல், எலுமிச்சைச் சாறு. மதியம் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ கணக்கு: கால் தட்டுச் சோறு, கால் தட்டு மீன் அல்லது கோழி, மீதி அரைத்தட்டு காயும் பழமும். காயை முதலில் தின்றுவிட்டுச் சோற்றைத் தொடுகிறேன். அப்படி உண்டால் இரத்தத்தில் சீனி மெதுவாகவே ஏறும். இரவில் நண்பர்களோடு மாமாக் கடைதான். தே தாரேக் மட்டும் ‘கூராங் மானிஸ்’. தேர்வு வாரத்தில் பயறு ஊறப்போட மறந்தால் இரண்டு கொய்யாப்பழம். உங்கள் வயிறு வேறு கணக்குச் சொல்லலாம். இரண்டு வாரம் உண்டு பார்த்து நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.