ஒட்டவைத்த வசந்தம்

'தி விக்கர் மேன்' படத்தில் பூத்துக் குலுங்கும் மரங்கள் ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பூக்களெல்லாம் படக்குழு கட்டியும் ஒட்டியும் வைத்தவை!

1973இல் வந்த திகில் படம். காணாமல்போன சிறுமியைத் தேடி, ஸ்காட்லாந்தை ஒட்டிய சம்மரைல் என்னும் கற்பனைத் தீவுக்கு வருகிறார் போலீஸ் சார்ஜென்ட் ஹோவி. ஊரே வசந்தத்தைக் கொண்டாடும் மே தின விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. படப்பிடிப்பு தொடங்கியதோ 1972 அக்டோபரில்! இலையுதிர் காலம், எலும்பைத் துளைக்கும் கடற்காற்று. நல்ல வெயிலுக்காகக் காத்திருக்கவும் வழி இல்லை. ஆகவே வசந்தத்தையே செய்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ரகசியம் ஒன்று. குளிரில் பேசினால் வாயிலிருந்து ஆவி பறக்கும். குளோஸப்பில் குட்டு உடைந்துவிடும். அதனால் நடிகர்கள் வசனம் பேசும் முன் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டார்கள். வெளியே உறைகிற குளிர், வாய்க்குள்ளும் ஐஸ், முகத்தில் மட்டும் மே மாதச் சிரிப்பு! இந்தப் படத்தில் பேயும் இல்லை, இருட்டு மாளிகையும் இல்லை. பட்டப்பகலில் பாட்டுப் பாடிச் சிரிக்கிற ஊர்க்காரர்கள்தான் நம்மைக் குலைநடுங்க வைக்கிறார்கள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் படம் படுத்திருக்கும்.

அந்தத் தீவே ஒட்டுப்போட்டதுதான். தீவின் மதுக்கடை வாசல் கேட்ஹவுஸ் ஆஃப் ஃப்ளீட் என்ற ஊரில். கதவைத் திறந்து உள்ளே போனால் கிரீடவுன் என்ற வேறொரு ஊர்! கடைக்காரர் மகளாக வரும் பிரிட் எக்லண்ட் ஸ்வீடன்காரர். அவருக்குப் பேச்சுக்குரல் தந்தவர் ஜாஸ் பாடகி ஆனி ராஸ். டிராகுலாவாகப் புகழ்பெற்ற கிறிஸ்டோபர் லீ, தீவின் பிரபுவாகச் சம்பளமே வாங்காமல் நடித்தார். கதைமேல் அவ்வளவு ஆசை அவருக்கு.

படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன். பர்ரோ ஹெட் என்ற கடல் முனையில், குச்சிகளால் பின்னிய பிரம்மாண்ட மனித உருவம். அதற்குள் பலி விலங்குகளோடு ஹோவியையும் அடைத்துத் தீ வைக்கிறார்கள். சுற்றி நின்று ஊர் ஆனந்தமாகப் பாடுவது 13ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கோடைப் பாட்டு. எரிந்த தலை சரிந்து விழ, பின்னால் அஸ்தமன சூரியன் தெரிகிறதே, அந்தக் காட்சிக்காகவே இயக்குநர் ராபின் ஹார்டிக்குக் கோயில் கட்டலாம்!

உள்ளே ஹோவியாக நின்ற எட்வர்ட் உட்வர்ட் பட்ட பாடு தனி. மேல் கூண்டில் இருந்த ஆடு பயத்தில் அவர்மேலேயே சிறுநீர் கழித்துவிட்டது. வசனத்தைப் பெரிய பெரிய எழுத்தில் துணியில் எழுதிப் பாறையில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆண்டவனைக் கூவி அழைத்தபடி ஹோவி தொலைவில் வெறிக்கிறாரே, அங்கேதான் அந்த எழுத்துகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன!