பெட்டகப் பூட்டை அளந்து திறக்கும் கலை

துளையிடாமல், உடைக்காமல், எண்ணும் தெரியாமல் பெட்டகத்தின் எண் பூட்டைத் திறப்பது பூட்டுத் தொழிலின் மிக நுட்பமான வேலை. அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் இதைப் பொழுதுபோக்காகவும் பலர் பயில்கிறார்கள்.

வழக்கமான பூட்டின் டயலில் 100 கோடுகள் இருக்கும். உள்ளே மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு காடி. மூன்று காடிகளும் ஒரே வரிசைக்கு வந்தால்தான் நெம்புகோலில் உள்ள சிறு சட்டம் அவற்றுக்குள் இறங்கும், பூட்டு திறக்கும். கணக்குப்படி 10 லட்சம் சேர்க்கைகள். ஒரு எண் முன்னே பின்னே நின்றாலும் பெரும்பாலான பூட்டுகள் பொறுத்துக்கொள்வதால், உண்மையில் அவ்வளவு தேவைப்படாது.

திரைப்படத் திருடன் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பான். நிஜத்தில் வேலை விரலுக்கும் கண்ணுக்கும்தான். டயலோடு சேர்ந்து சுழலும் வட்டில் சரிந்த பக்கங்களுள்ள ஒரு பள்ளம் உண்டு. நெம்புகோலின் மூக்கு அதன் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தொடும் இடங்களை டயலில் படிக்கலாம். எந்தச் சக்கரமும் முழு வட்டமல்ல. மூன்றும் ஒரே அளவும் அல்ல. சட்டத்தின் கீழே ஒரு காடி வந்தால் மூக்கு மயிரிழை கூடுதலாக இறங்கும். இரு தொடுபுள்ளிகளும் நெருங்கும். வேறுபாடு டயலில் ஒரு கோட்டுக்கும் குறைவு. பயில்பவர் சக்கரங்களைச் சில எண்களுக்கு ஒருமுறை நகர்த்தி, அளவுகளை வரைபடத்தாளில் குறிப்பார். இடைவெளி குறுகும் இடத்தில் காடி இருக்கலாம். அது எந்தச் சக்கரத்தினுடையது என்பதைத் தனித்தனியே சோதித்து உறுதிசெய்வார். பொறுமையே இதில் பாதித் திறமை.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் லாஸ் அலமாஸ் அணுகுண்டு ஆய்வகத்தில் செய்தது வேறு. திறந்து கிடந்த கோப்பு அலமாரிகளின் டயலைத் திருப்பிப் பார்த்து, கடைசி இரு எண்களை முன்பே குறித்துக்கொண்டார். மீதி ஓர் எண்ணுக்கு 20 முயற்சிகளே போதுமாயிருந்தன. திறந்த பூட்டும் ரகசியத்தைச் சொல்லிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஏமாற்றும் போலிக் காடிகளை வெட்டினார்கள். டயலைத் திருப்பும்போது சட்டம் சக்கரங்களைத் தொடாதபடியும் செய்தார்கள். அமெரிக்காவின் யூஎல் சோதனை நிறுவனத் தரத்தில் ‘குரூப் 1’ பூட்டு, அளந்து திறக்கும் முயற்சியை 20 மணி நேரம் தாங்க வேண்டும். ‘குரூப் 2எம்’ 2 மணி நேரம்.

பயில விரும்புவோர் பலகையில் பொருத்திய சொந்தப் பூட்டிலேயே பயில வேண்டும். பிறர் பெட்டகத்தை உரிமையாளரின் அனுமதியின்றித் தொடக்கூடாது.