நினைவு தளர்ந்த முதியோரும் சிவ வழிபாடும்

காவிரி பாயும் சோழவளநாட்டில் முதியோரைப் பேணுதல் நெடுங்காலமாக மனைக்கண்ணே நிகழ்ந்தது. மக்கள் பிழைப்புக் கருதிச் சென்னைக்கும் கடல் கடந்த நாடுகட்கும் பெயர்ந்தமையின், தஞ்சை முதலிய ஊர்களில் முதியோர் இல்லங்கள் தோன்றலாயின. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும், வறிய முதியோர் 150 பேரேனும் தங்குதற்குரிய இல்லம் மாவட்டந்தோறும் ஒன்றாவது அமைக்க இடந்தந்தது. உணவும் மருந்தும் உறையுளும் கிடைப்பினும், கோயில் செல்லமாட்டாது நடை தளர்ந்தாரும், பெற்ற மகவையும் அறியாது நினைவு தளர்ந்தாரும் ஆண்டு உளர். இன்னார்க்குச் சிவ வழிபாடு கூடுமாறு யாங்ஙனம் என்பது ஆராயற்பாலது.

நடை தளர்ந்தார்க்கு விடை எளிது. மயிலை வாயிலாரும் திருநின்றவூர்ப் பூசலாரும் மனத்தகத்தே கோயில் கொண்டு வழிபட்டமை பெரியபுராணத்தான் அறியப்படும். சிவஞானபோதம் ஒன்பதாஞ் சூத்திரத்துட் கூறப்பட்ட அகப்பூசைக்கு இதயமும் உந்தியும் புருவநடுவுமே இடமாகலின், கால் வேண்டப்படுவதின்று.

நினைவு தளர்ந்தார் திறத்தே ஐயம் வலிது. அகப்பூசை நினைவாலன்றி நிகழாமையின் அவர்க்கு அதுவும் இல்லையாமன்றோ எனின், அற்றன்று. நினைவு அந்தக்கரணங்களின் தொழில். ஆன்மா அவற்றின் வேறு. அரசன் அமைச்சரொடு கூடி நிற்குமாறுபோல ஆன்மா அக்கரணங்களொடு கூடி நிற்கும் என்பது நான்காஞ் சூத்திரத்துட் பெறப்பட்டது. நனவில் 35 கருவிகளோடு நின்ற ஆன்மா கனவில் 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, உயிர்ப்படக்கத்தில் 1 என அவை சுருங்கிய விடத்தும் கெடுவதின்று. நாடோறும் உறங்கி எழுவார் அனைவரும் இதற்குச் சான்றாவர். அமைச்சர் சிலர் நோயுற்றமை பற்றி அரசன் இலன் என்பார் யார்?

இனி, திருப்பாண்டிக்கொடுமுடிப் பதிகத்துள், தாம் மறந்த பொழுதும் தம் நா ஐந்தெழுத்தை ஓதும் எனச் சுந்தரமூர்த்திகள் அருளியது உற்றுநோக்கத்தக்கது. இளமையிற் பயின்ற இசை மறதிநோயாளரிடத்தும் நெடிது நிலைத்தலுண்டு என இக்கால மருத்துவரும் கூறுப. மகன் பெயரை மறந்தாரும், பழகிய தேவாரத்தை ஒருவர் தொடங்க, அடுத்த அடியைத் தாமே பாடுதல் கூடும். ஆதலின் நீறு பூசி அருகிருந்து மெல்ல ஓதுவார் ஒருவர் வேண்டும். ஒலிபெருக்கியை நாள் முழுதும் முழக்கி விடுதல் இதற்கு ஈடாகாது. அது நோயாளரை வருத்துதலும் உண்டு.

பெற்றோரை இல்லத்து விடுத்துத் திங்கள்தோறும் பணம் அனுப்பி, அவர்க்கு அது துறவுநிலை எனக் கூறி அமைவாரும் உளர். துறவு உயிர் தானே மேற்கொள்வது. ஒருவர் மற்றொருவர்மேல் ஏற்றுவதன்று. அடியார் திருவேடத்தை அரன் எனவே தொழுக என்பது பன்னிரண்டாஞ் சூத்திரக் கருத்தாகலின், நீறணிந்து கிடக்கும் முதியவர்க்குச் சோறூட்டி உடல் துடைக்கும் பணிப்பெண் செய்வதே மாகேசுர பூசையாம்.

அப்பர் பெருமான் 81-ஆம் அகவையளவும் திருப்புகலூரில் உழவாரத் திருப்பணியை விட்டிலர் என்பது வழக்கு. கை வழங்கும் முதியோர்க்குப் பூத்தொடுத்தலையும் விளக்குத் திரி திரித்தலையும் இல்லத்தார் ஒப்படைக்கலாம். தொடுத்த மாலை சென்று சேர்தற்குரிய கோயில் இந்நாட்டில் எவ்வூர்க்கும் அணித்தேயுளது.