செயற்கை மூட்டும் நோய்க்கிருமியும்



ஒரகடத்திலுள்ள தொழிற்சாலைகளில் மோட்டார் வண்டிகள் உருவாவதை நீங்கள் அறிவீர்கள். வண்டிக்கு வண்ணம் பூசும் கூடத்தில் எவரும் நினைத்தபடி நுழைய இயலாது. காற்றை வடிகட்டியே உள்ளே விடுவர். பணியாளர் நூலிழை உதிராத தனியுடை அணிவர். ஏன்? ஈர வண்ணத்தில் ஒரு தூசி படிந்தாலும் அவ்விடத்தைத் தேய்த்து மீண்டும் பூச வேண்டும், வண்டி தங்கிவிடும்.

மூட்டு மாற்று அறுவை மருத்துவத்திலும் நிலைமை இதுவே. ஆனால் இங்கே தங்கிவிடுவது வண்டியன்று, மனிதன்.

தேய்ந்த முழங்காலுக்கோ இடுப்புக்கோ உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட மூட்டினைப் பொருத்தியபின், நோயாளி பெரும்பாலும் மறுநாளே ஊன்றி நடக்கிறார். சில நாட்களில் வீடு திரும்புகிறார். கிருமி புகுந்தாலோ, நாட்கள் வாரங்களாகும், வாரங்கள் மாதங்களாகும்.

காரணம் யாது? தசையில் கிருமி புகுந்தால், இரத்தம் வெள்ளையணுக்களைக் கொணர்ந்து போரிடும். உலோகத்தில் இரத்த ஓட்டம் ஏது? கிருமிகள் அதன்மேல் ஒட்டி, தம்மைச் சுற்றி வழவழப்பான படலம் அமைத்துக்கொள்கின்றன. குளத்துப் படியிலுள்ள பாசி நீர் பட்டு நீங்குவதில்லை, தேய்த்தால்தான் நீங்கும். அதுபோல மருந்து மட்டுமே இப்படலத்தை அழிப்பது அரிது. தொடக்கத்திலேயே கண்டால், புண்ணைத் திறந்து கழுவி மூட்டினைக் காக்கலாம். நாட்பட்டால் அதனைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்டால் தற்காலிக மூட்டு அமைத்து, ஏறக்குறைய ஆறு வாரம் மருந்து செலுத்தி, பின்னர்ப் புதிது பொருத்த நேரும். ஓர் அறுவை மூன்றாகிறது. குடும்பத்தின் வருவாய் குன்றுகிறது. அப்படுக்கைக்குக் காத்திருக்கும் மற்றொரு முதியவரின் முறையும் தள்ளிப்போகிறது.

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் சார்ன்லி, 1962-இல் இடுப்பு மூட்டு மாற்றுக்குப் புதுவழி வகுத்தார். தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழு பேரளவில் கிருமி தாக்கியது. காற்றை வடிகட்டும் தொழிலில் தேர்ந்த ஹோவர்த் என்பவரின் துணையோடு, அறுவைக் கூடத்தினுள் தூய காற்றுச் சிற்றறை ஒன்றை அமைத்தார். மருத்துவர்க்குத் தனியுடை வகுத்தார். தையல் முறையையும் திருத்தினார். 1970-ஐ ஒட்டி அவ்வெண் நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தது. இன்று தோலைக் கீறுமுன், ஒரு மணி நேரத்துக்குள், கிருமிக்கொல்லி மருந்தும் செலுத்துகிறார்கள்.

எனினும் பொறுப்பு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. அறுவைக்கு முன் நீரிழிவைக் கட்டுப்படுத்துதல், புகைபிடித்தலை விடுதல், சொத்தைப் பல்லையும் தோற்புண்ணையும் குணப்படுத்துதல் ஆகியவை நோயாளியின் கடமைகள். வீட்டிலேயே அவ்விடத்தைச் சவரம் செய்தல் ஆகாது; நுண்ணிய கீறலும் கிருமிக்கு வாயிலாகும். வீடு திரும்பியபின் தையலில் நீர் கசிந்தாலோ, சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, பச்சிலை கட்டிக் காத்திராமல் அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ இச்சிகிச்சை பெற்றால், அவரைக் காணச் செல்லுமுன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் அன்று செல்லாதிருங்கள். அவர் விரைவில் வீடு திரும்ப நீங்கள் செய்யக்கூடிய உதவி இது.